‘அந்த ஆளே அப்படித்தான்’ என்று முடிவுகட்டுமுன்

“அவன் சுபாவமே அதுதான் சார், எங்க போட்டாலும் வேலைக்கு ஆகமாட்டான்.” அப்ரைசல் மாதத்தில் இந்த வசனம் காதில் விழாத ஆபீஸ் கிடையாது. சூப்பர்வைசராக இருந்த காலத்தில் நானும் தாராளமாகச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் நாளை எப்படி நடந்துகொள்வார் என்று கணிக்கும்போது நாம் செய்யும் முதல் தவறு இது. ஆளை அளந்துவிடுகிறோம், அவர் நிற்கும் இடத்தை விட்டுவிடுகிறோம்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் தொழிற்சாலைக்கு இப்படித்தான் பெயர் கெட்டிருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலைக்கே வரமாட்டார். வந்தவர்களிடையே குடி, திடீர் வேலைநிறுத்தம், வீம்பு. கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடி, வாங்குபவர் ஓட்டும்போது கடகடக்க விட்டதும் உண்டு என்று பிற்பாடு அங்கிருந்தவர்களே சொன்னார்கள். 1982-ல் இழுத்து மூடினார்கள். 1984-ல் ஜி.எம்.மும் டொயோட்டாவும் கூட்டாக அதே ஆலையை ‘நம்மி’ என்று திறந்தபோது, எடுத்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள். சங்கமும் அதே சங்கம். சில ஆண்டுகளிலேயே வராதவர்கள் கணக்கு 2 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது.

என்ன மாறியது? முன்பு ஒரே சட்டம்: லைன் நிற்கக் கூடாது. போல்ட் தப்பாக உட்கார்ந்தாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு பிரித்துச் சரிசெய்வார்கள். நம்மியில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு தொங்கியது. சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்ததும் டீம் லீடர் பக்கத்தில் வந்து உதவுவார். அப்படியும் தீராவிட்டால் லைன் நிற்கும். 1980-களின் பிற்பகுதியில் விற்பனை படுத்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சியில் உட்காரவைத்தார்கள். என் கணிப்பில், கயிற்றைவிட இதற்குத்தான் வலு அதிகம். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்தக் கை மேலே நீளும்?

ஜி.எம். அடுத்து செய்தது இரண்டாவது தவறு: ஓரிடத்தில் பலித்ததைப் பிய்த்து வேறிடத்தில் நடுவது. அதே மாநிலத்தில் இருந்த தன்னுடைய வான் நைஸ் ஆலைக்கும் நம்மியின் டீம் முறையைக் கொண்டுபோனார்கள். அங்கே ஃப்ரீமான்ட்போல ஆலை மூடி, வேலை போய், மறுபடி கிடைத்த அனுபவம் இல்லை. சங்கத்தில் பாதிப்பேர் இதைச் சூழ்ச்சி என்றார்கள். அந்த ஆலை 1992-ல் மூடப்பட்டது. “அந்த கம்பெனியில செஞ்சாங்க, நாமும் செய்வோம்” என்று யாராவது பவர்பாயின்ட்டோடு வந்தால், அங்கே அதற்கு முந்தைய ஐந்து வருடம் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஸ்லைடு இருக்காது.

மூன்றாவது, காசைக் காட்டினால் வேகம் வரும் என்ற கணக்கு. சிகாகோ பக்கம் ஹாதோர்ன் ஆலையில் நடந்த ஆய்வுகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1927-ல் தனி அறையில் ரிலே (தொலைபேசி இணைப்புக்கான சிறு மின் சுவிட்ச்) பூட்டிய பெண்களின் உற்பத்தி ஏறியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதிகம் பேசுகிறார்கள் என்று இரண்டு பேரை நடுவில் மாற்றியதைச் சொல்லமாட்டார்கள். 1931-ல் அதே ஆலையில் இன்னோர் அறை, 14 ஆண்கள். குழுவாக அதிகம் செய்தால் எல்லோருக்கும் கூடுதல் கூலி. ஆனாலும் உற்பத்தி ஓரளவுக்கு மேல் ஏறவில்லை. இவ்வளவுதான் ஒரு நாள் வேலை என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். மீறி வேகம் காட்டியவருக்குப் புஜத்தில் ஒரு குத்து. அதிகம் செய்து காட்டினால் கூலி ரேட்டைக் குறைப்பார்கள், ஆளையும் குறைப்பார்கள் என்ற பயம். வெளியே பொருளாதாரப் பெருமந்தம். அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது.

இதையெல்லாம் படித்த பிறகும் நான் சறுக்கினேன். சிறிய பட்டறை ஒன்றில், மாதம் முழுக்க லீவு போடாதவருக்கு 1,000 ரூபாய் என்று அறிவித்தோம். முதல் மாதம் அமோகம். அடுத்த மாதம் 3-ம் தேதி காய்ச்சலில் ஒரு நாள் வராதவர், பரிசுதான் போயிற்றே என்று மேலும் மூன்று லீவு போட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். லீவு மொத்தத்தில் கூடியது.

பிறகு தொகையைப் பிரித்து வாரக் கணக்குக்கு மாற்றினோம். லீவு குறைந்தது. ஆனால் வருடக்கணக்காக யாரும் சொல்லாமலே பத்து நிமிடம் முன்னால் வந்து மெஷினைத் துடைத்து எண்ணெய் விடும் பெரியவர் ஒருநாள் என்னிடம் வந்து நின்றார். “இதுக்கும் ஏதாச்சும் உண்டுங்களா தம்பி?”