பேக்கப் டிரைவுக்கு ஒரு நிலையான எழுத்து

நேற்று ‘இ’ டிரைவாக இருந்த வெளி ஹார்ட் டிஸ்க் இன்று ‘எஃப்’ ஆகிவிட்டதா? பேக்கப் மென்பொருள் பழைய எழுத்தையே தேடிக்கொண்டு நிற்கும். புதிதாகச் செருகும் டிரைவுக்கு விண்டோஸ் அப்போது காலியாக இருக்கும் எழுத்தைக் கொடுத்துவிடுகிறது. முன்பே ஒரு பென் டிரைவ் செருகியிருந்தால் போதும், வரிசை குலைந்துவிடும்.

விண்டோஸ் பட்டனுடன் எக்ஸ் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். அந்த டிரைவில் ரைட் கிளிக் செய்து, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ போய், ‘சேஞ்ச்’ அழுத்தி எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் ‘பி’க்குப் போகமாட்டேன்; ‘ஏ’, ‘பி’ இரண்டும் ஃப்ளாப்பி காலத்துச் சொத்து. ‘இசட்’டும் வேண்டாம், நெட்வொர்க் டிரைவுகள் அங்கிருந்துதான் தொடங்கும். ‘ஆர்’, ‘எஸ்’ பக்கம் வசதி. ‘சி’யை மட்டும் தொட்டுவிடாதீர்கள்!

இந்த எழுத்தை அந்தக் கணினி மட்டுமே நினைவில் வைத்திருக்கும். வேறு கணினியிலும் அடையாளம் தெரிய, டிரைவுக்கே ஒரு பெயர் வையுங்கள்: ‘ரீநேம்’ போதும். டிரைவின் ஃபைல் சிஸ்டம் (கோப்புகளைச் சேமிக்கும் முறை) எஃப்ஏடி32 என்றால் 11 எழுத்துகள், என்டிஎஃப்எஸ் என்றால் 32 வரை இடமுண்டு.