மிஸ்டர், மிஸஸ், சர்: ஆங்கிலத்தில் மரியாதையாக அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிஸ்டர், மிஸஸ், டாக்டர், சர் எல்லாம் நமக்குத் தெரிந்த சொற்கள்தான். பெயரின் எந்தப் பகுதியோடு அவற்றைச் சேர்ப்பது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. ஆளைக் கூப்பிடும் பெயரோடு மரியாதையைச் சேர்த்தே நாம் பழகியிருக்கிறோம்: குமார் சார், லதா மேடம். ஆங்கிலத்தில் மிஸ்டர், டாக்டர், புரொஃபசர் எல்லாம் குடும்பப் பெயரோடு சேரும். ஜான் ஸ்மித் என்பவர் மிஸ்டர் ஸ்மித். முழுப் பெயரோடு மிஸ்டர் ஜான் ஸ்மித் என்றும் எழுதலாம். ‘மிஸ்டர் ஜான்’ என்று எழுதினால் படிப்பவருக்கு உறுத்தும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் பிள்ளைகள் பெரியவர்களை அப்படி அழைப்பது உண்டு. ஆனால் அலுவலகக் கடிதத்துக்கு அது ஒத்துவராது.

இதே விதி நம் பெயர்களுக்கு வரும்போது சிக்கலாகிவிடுகிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ போட்டுவிடுகிறோம். செல்வி, அப்பா பெயர் ராமசாமி என்றால், லண்டன் மருத்துவமனையில் ‘மிஸ் ராமசாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது தன்னைத்தான் என்று தெரியாமல் செல்வி உட்கார்ந்திருப்பார். கட்டத்தைக் காலியாக விட்டாலும் தொல்லைதான். அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு ‘எஃப்என்யூ’ என்று அச்சிடுவார்கள். பிறகு வங்கியிலிருந்து ‘டியர் எஃப்என்யூ’ என்று கடிதம் வரும். யாரும் வேண்டுமென்று அவமதிக்கவில்லை, பெயர் முறை புரியாததால் வருவது. அதனால் முதல் மின்னஞ்சலிலேயே ‘என்னைச் செல்வி என்று அழையுங்கள், ராமசாமி என் தந்தை பெயர்’ என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

சர் பட்டத்துக்கு விதி நேர் எதிர். அது முதல் பெயரோடு சேரும். ஐசக் நியூட்டனைச் சர் ஐசக் என்று சொல்லலாம், சர் ஐசக் நியூட்டன் என்றும் சொல்லலாம். சர் நியூட்டன் என்பது தவறு. சிதம்பரத்தில் பிறந்து 2009 இல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2012 இல் பிரிட்டனில் சர் பட்டம் கிடைத்தது. ராமகிருஷ்ணன் என்பது அவருடைய தந்தை பெயர். ஆகவே டாக்டர் ராமகிருஷ்ணன் சரி, சர் வெங்கி சரி, சர் ராமகிருஷ்ணன் தவறு. பெண்களுக்கு அதற்கு இணையான டேம் பட்டத்துக்கும் இதே முறைதான்: ஜூடி டென்ச் டேம் ஜூடி ஆவார். சர் பட்டம் பெற்றவரின் மனைவி மட்டும் குடும்பப் பெயரோடு லேடி ஆவார். நம் பத்திரிகைகளில் இந்த மூன்றும் கலந்து கிடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று, பிரிட்டன் அரசர் தலைமையில் இல்லாத நாடுகளின் குடிமக்களுக்குக் கிடைப்பது கௌரவப் பட்டம். பெயருக்கு முன் சர் போட முடியாது. பில் கேட்ஸும் ரத்தன் டாடாவும் அந்த வகை.

அடுத்து, பெண்களுக்கு எழுதுவது. மிஸ் என்றால் மணமாகாதவர், மிஸஸ் என்றால் மணமானவர் என்று பள்ளியில் படித்தோம். முன்பின் தெரியாத ஒருவரின் கல்யாணத்தை விசாரித்துக்கொண்டு கடிதம் எழுத வேண்டுமா? அதற்காகத்தான் எம், எஸ் என்ற இரண்டே எழுத்துகளில் எழுதும் பொதுவான அடைமொழி இருக்கிறது. 1901 லேயே ஓர் அமெரிக்கச் செய்தித்தாளில் அதற்கான யோசனை வந்துவிட்டது. நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்க 1986 வரை ஆனது. அந்தப் பெண்ணே மிஸஸ் என்று போட்டுக்கொண்டால் ஒழிய, இதையே எழுதுங்கள்.

கடிதத் தொடக்கத்தில் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்பது நம் ஊர்ப் பழக்கம். இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வழக்கில் இல்லை. ‘டியர் சார்’ அதைவிடப் பெரிய ஆபத்து, ஏனென்றால் அந்தப் பேராசிரியர் பெண்ணாக இருக்கலாம். பல்கலைக்கழகத் தளத்தில் பெயரைப் பார்த்து ‘டியர் புரொஃபசர் ஸ்மித்’ என்று எழுதினால் இந்தக் கவலையே இல்லை. அவர் பதிலில் ‘ஜான்’ என்று மட்டும் கையெழுத்திட்டால், அடுத்த கடிதத்தில் ‘டியர் ஜான்’ என்று எழுதலாம், அவமரியாதை ஆகாது. முடிவிலும் பிரிட்டிஷ் மரபு ஒன்று உண்டு: பெயர் தெரியாமல் எழுதினால் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி, பெயர் சொல்லி எழுதினால் யுவர்ஸ் சின்சியர்லி. அப்புறம், தன்னைத் தானே ‘ஐ ஆம் மிஸ்டர் கண்ணன்’ என்று அறிமுகம் செய்துகொள்ள வேண்டாம். அடைமொழி அடுத்தவர் தர வேண்டியது.

பிரிட்டனில் வேலை பார்க்கும் அல்லது சிகிச்சைக்குப் போகும் தமிழர்கள் மருத்துவர்கள் விஷயத்தில் குழம்புவதுண்டு. அங்கே அறுவை சிகிச்சை நிபுணர்கள் டாக்டர் என்பதைக் கைவிட்டு மிஸ்டர் அல்லது மிஸ் என்று போட்டுக்கொள்வார்கள். பழைய காலத்தில் மருத்துவர்கள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள். அறுவை செய்பவர்கள் தொழில் பழகி வந்தவர்கள். லண்டனில் 1745 வரை முடிதிருத்துவோரும் அவர்களும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். அன்று பட்டம் இல்லாததன் அடையாளமாக இருந்த மிஸ்டரை இன்று தேர்வு எழுதித் தேறிப் பெருமையாகப் பெறுகிறார்கள். எனவே அவர்களிடமிருந்து வரும் கடிதத்தில் மிஸ்டர் என்று இருந்தால், டாக்டர் என்று திருத்தாமல் பதிலிலும் மிஸ்டர் என்றே எழுதுங்கள்.