பாவித்த லப்டொப், தெரியாத பாஸ்வேர்ட்: எங்கிருந்து தொடங்குவது?

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரர் திரும்பிப் போகும்போது, "தம்பி, இதை நீயே வைச்சிரு" என்று பழைய லப்டொப்பைக் கையில் தந்துவிட்டுப் போவது யாழ்ப்பாணத்தில் புதிதல்ல. பிளேன் ஏறிய பிறகுதான் திறந்து பார்ப்போம். பாஸ்வேர்ட் கேட்கும். தெரிந்தவரிடம் விலைக்கு வாங்கியதிலும் இதே கதை நடக்கும். பூட்டை உடைக்கும் மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம், அவற்றில் பல வைரஸோடுதான் வரும். எந்தப் பூட்டு என்று முதலில் பாருங்கள்.

எந்த இடத்தில் கேட்கிறது?

லப்டொப்பை ஓஃப் செய்து மீண்டும் போடுங்கள். விண்டோஸ் வந்து, ஒரு பெயரும் அதன் கீழே கட்டமும் தெரிந்தால் அது விண்டோஸ் பாஸ்வேர்ட். சுலபமாகத் தீரும். விண்டோஸ் வருவதற்கு முன்பே கறுப்புத் திரையில் கேட்டால் அது பயோஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி லப்டொப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பூட்டு, அல்லது ஹார்ட் டிஸ்க்கின் பூட்டு. நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டால் பிட்லொக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. அந்த எண் பெரும்பாலும் பழைய உரிமையாளரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும்.

அழிக்க முன் ஒரு கோல்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தந்தவருக்கு, விற்றவருக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுங்கள். பாஸ்வேர்ட் மறந்திருந்தாலும், மைக்ரோசொஃப்ட் கணக்கு என்றால் அவர் அங்கிருந்தே புதிதாக மாற்றலாம். லொகின் திரையின் மூலையில் வைஃபையை இணைத்துப் புதியதைப் போட்டால் திறக்கும்.

நான் ஒருமுறை கேட்காமல் அழித்தேன். அத்தை தந்துவிட்டுப் போன லப்டொப். இரண்டு மாதம் கழித்து, "அதுக்குள்ள அப்பப்பாவின்ர படங்கள் ஸ்கான் பண்ணி வைச்சனான், இருக்கோ?" என்று கேட்டார். 1995 இடப்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அவர் கொண்டுபோன சில படங்கள்தான் மிச்சம். அல்பங்கள் இழந்த குடும்பங்கள் இங்கே எத்தனை! அதனால்தான் சொல்கிறேன், முதலில் கேளுங்கள்.

விற்றவர் பதில் சொல்லாமல் நழுவினால், பற்றுச்சீட்டும் தராவிட்டால், அது களவுப் பொருளாக இருக்கலாம். காசைத் திருப்பிக் கேளுங்கள். சந்தேகம் வலுத்தால் பொலிஸில் சொல்லுங்கள்.

சரி, அழிக்கலாம் என்றாகிவிட்டது

சார்ஜரைச் செருகுங்கள். பற்றரி பழையதென்றால், கரண்ட் அடிக்கடி போகும் நேரத்தில் தொடங்காதீர்கள். லொகின் திரையில் பவர் பட்டனை அழுத்தி, ஷிஃப்டை விடாமல் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் பட்டியலில் ட்ரபிள்ஷூட், பிறகு ரீசெட் திஸ் பிசி, பிறகு ரிமூவ் எவ்ரிதிங். பென் டிரைவே தேவையில்லை.

இது சரிவராவிட்டாலோ பிட்லொக்கர் குறுக்கே நின்றாலோ, நண்பரின் கணினியில் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றைச் செருகி, மைக்ரோசொஃப்டின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், விண்டோஸைப் பென் டிரைவில் ஏற்றித் தரும் மீடியா கிரியேஷன் டூலை ஓடவிடுங்கள். பென் டிரைவில் இருப்பது அழியும். பிறகு அதை லப்டொப்பில் செருகி, ஓன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப் 12, எச்பி என்றால் எஃப் 9 விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். வரும் பட்டியலில் பென் டிரைவைத் தெரிவு செய்தால் விண்டோஸ் போடும் வேலை தொடங்கும். புரொடக்ட் கீ கேட்டால் ‘இல்லை’ என்ற தெரிவு போதும். முன்பிருந்த அதே பதிப்பைப் போட்டால், இணையம் கிடைத்ததும் பெரும்பாலும் தானே அக்டிவேட் ஆகும். டிஸ்க் பட்டியலில் லப்டொப்பின் டிஸ்க்கில் உள்ள பகுதிகளை மட்டும் அழியுங்கள். பென் டிரைவும் அதே பட்டியலில் நிற்கும், அளவைப் பார்த்துப் பிரித்தறியுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். லப்டொப் அதற்குப் பழையதென்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போடுங்கள். படிப்புக்கும் யூடியூப்புக்கும் தாராளம்.

அழித்தும் போகாத பூட்டுகள்

பயோஸ் பூட்டுக்கு உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிறு பற்றரியைக் கழற்றச் சொல்வார்கள். பழைய டெஸ்க்டொப்பில் அது பலித்தது. இன்றைய லப்டொப் பலவற்றில் பாஸ்வேர்ட் மின்சாரம் இல்லாமலே நினைவு வைத்திருக்கும் சிப்பில் இருக்கிறது. லெனோவோவின் திங்பேட்டில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் (பயோஸின் முதன்மைப் பாஸ்வேர்ட்) மறந்தால் மதர்போர்ட்டையே மாற்ற வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டோடு தயாரிப்பாளரைக் கேட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் பூட்டு என்றால் அதைக் கழற்றிப் புது எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) போட்டால் தீர்ந்தது.

புதிதாக விண்டோஸ் போட்டு இணையத்தில் இணைத்ததும் ஏதோ ஒரு கொம்பனியின் பெயர் வரவேற்றால், அந்த லப்டொப் இன்னும் அவர்களின் பதிவில் இருக்கிறது. அதை விடுவிக்க அவர்களால்தான் முடியும். அப்பிளின் மக்புக்கில் அக்டிவேஷன் லொக் (உரிமையாளரின் கணக்கோடு பிணைத்த பூட்டு) இருந்தால், பழைய உரிமையாளர் தன் ஐகிளவுட் கணக்கிலிருந்து அதை நீக்க வேண்டும். லப்டொப் அவர் கையில் இருக்கத் தேவையில்லை, டொரண்டோவில் இருந்தபடியே செய்யலாம்.