கூடுதல் சம்பளத்துக்காக வேலை மாறும்போது உறுத்தும் மனத்தை எப்படிக் கையாள்வது

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையிலோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையிலோ ஆறேழு ஆண்டுகள் வேலை பார்த்தபின், கடலூர் சிப்காட்டிலோ ஒரகடத்திலோ கூடுதல் சம்பளத்துக்கு இடம் கிடைத்தவர்கள் பலர், அந்த நல்ல செய்தியை வீட்டில் சொன்ன அன்றிரவே தூக்கம் கெட்டுப் புரண்டுகொண்டிருக்கிறார்கள். தொழில் கற்றுக்கொடுத்தவர், தங்கையின் கல்யாணத்துக்குக் கேட்ட உடனே அட்வான்ஸ் கொடுத்தவர், 2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோதும் அரைச் சம்பளமாவது அனுப்பியவர் என்று ஒருவர் இருக்கும்போது, அவர் முன் போய் நின்று "வேறு இடம் பார்த்துவிட்டேன்" என்று சொல்வது நன்றிகெட்ட செயலாகவே தோன்றும். அந்த உறுத்தலை அடக்கப் பார்ப்பதைவிட, அது நம்மிடம் எதைக் கேட்கிறது என்று கண்டறிந்து அதைச் செய்து முடிப்பதே சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஒரு தாளில், யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறீர்கள் என்று பெயர் பெயராக எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் மூன்று வகையானவை அதில் கலந்திருப்பது தெரியும். அட்வான்ஸ் பாக்கி, முடிக்காத கணக்கு, இன்னும் வேலை பழகாத ஜூனியர் போன்றவை முதல் வகை. இவற்றைக் கிளம்புவதற்குள் முடித்துவிடலாம். முதலாளி மனமுவந்து செய்த உதவிகள் இரண்டாம் வகை. இவை சம்பளக் கணக்கில் சேராதவை, குறைந்த சம்பளத்தில் இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தாலும் அடைபடாதவை. "காசு என்றதும் ஓடிவிட்டான்" என்று ஊர் பேசுமே என்ற கூச்சம் மூன்றாம் வகை. இதை முடிவெடுக்கும் இடத்துக்குள் விடவே கூடாது. மூன்றையும் ஒரே பாரமாகச் சுமப்பதால்தான் எது தீரும், எது தீராது என்று தெரியாமல் மனம் திணறுகிறது.

அடுத்து, கிடைக்கப்போவது உண்மையிலேயே கூடுதல்தானா என்று பாருங்கள். ஆதாயமே சந்தேகமாக இருக்கும்போது உறுத்தல் இரட்டிப்பாகும். இப்போது 14,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு 22,000 கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ திட்டத்துக்கான சம்பள வரம்பு தற்போது 21,000 ரூபாய் என்பதால், புதிய இடத்தில் அவர் அந்தத் திட்டத்துக்குள் வரமாட்டார். அம்மாவுக்கு கோரிமேடு இஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீட்டில் பெற்றோர் சேர்கிறார்களா என்று சேருவதற்கு முன்பே கேட்டாக வேண்டும். இதோடு பிஎஃப் பிடித்தம், பஸ் செலவு, வெளியூர் என்றால் வாடகை ஆகியவற்றையும் கழித்துவிட்டு, கையில் மாதம் எவ்வளவு மிஞ்சும், அது எதற்குப் போகும் என்று எழுதுங்கள். "பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு", "வட்டிக்கு வாங்கியதை அடைக்க" என்று குறிப்பாக எழுதியபின், பேராசையால் போகிறோமோ என்ற ஐயம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சொல்லும் கட்டம்தான் எல்லாருக்கும் கடினமானது. இங்கே பலர் பொய்யைத் துணைக்கு அழைக்கிறார்கள்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்கே போகிறேன், மேலே படிக்கப் போகிறேன் என்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். நீங்கள் எங்கே சேர்ந்தீர்கள் என்பது கிருமாம்பாக்கம் வழியாக வரும் ஏதோ ஒரு பஸ்ஸில் முதலாளியின் காதுக்குப் போய்ச் சேரும். அதுவரை உறுத்தல் மட்டுமே இருந்த இடத்தில் அதன்பின் உண்மையான குற்றமே வந்து உட்கார்ந்துகொள்ளும். போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லாமல், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நேரில் சொல்லுங்கள்: "அண்ணே, உங்களிடம் தனியாக ஒன்று பேச வேண்டும். எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் கூடுதல், வீட்டு நிலைமைக்கு அது தேவைப்படுகிறது. அடுத்த மாதம் இருபதாம் தேதி வரை இங்கே இருந்து எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் தொழில் கற்றுக்கொடுக்காவிட்டால் இந்த இடமே எனக்குக் கிடைத்திருக்காது." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர் கோபப்பட்டால் பதில் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று கேள்விப்பட்டவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. உங்களை அந்த இடத்தில் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவர் இருந்தால், அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். பிறர் வாயால் அவர் கேட்கக் கூடாது.

முதலாளி உடனே "நானே ஏற்றித் தருகிறேன், இரு" என்று சொல்லக்கூடும். எவ்வளவு கொடுத்தால் இருப்பீர்கள் என்பதை அவரைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். அந்தத் தொகையை இந்த மாதத்திலிருந்தே, சம்பளச் சீட்டில் வரும்படி கொடுத்தால் தாராளமாக இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "தீபாவளி போகட்டும், பார்த்துச் செய்கிறேன்" என்பது பதிலாகாது; அந்த வார்த்தையை நம்பி இருந்துவிட்டால், உறுத்தல் இருந்த இடத்தில் சில மாதங்களில் மனக்கசப்பு வந்துவிடும்.

உறுத்தலை உண்மையாகவே குறைப்பது, கடைசி மாதத்தை நீங்கள் எப்படிக் கழிக்கிறீர்கள் என்பதுதான். நியமனக் கடிதத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள். கடிதமே தராத சிறு கடையாக இருந்தாலும் ஒரு மாதம் கொடுங்கள். எந்தத் தேதியில் கிளம்புகிறோம் என்பதும் முக்கியம். ஜவுளிக்கடையில் இருப்பவர் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு கிளம்புவது உண்மையிலேயே கஷ்டம் கொடுப்பதுதான். ஆகவே சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று புதிய நிறுவனத்தைக் கேளுங்கள். கணக்கு பார்ப்பவராக இருந்தால், மாதந்தோறும் தாக்கல் செய்யும் கடைக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரிக் கணக்குச் சுருக்கம்) என்று இருப்பதால், அந்த மாதத்துத் தாக்கலை முடித்துவிட்டு 20க்குப் பிறகு கிளம்புவது நல்லது. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்: கணக்கு மென்பொருளான டாலியின் பேக்கப் எந்த டிரைவில் இருக்கிறது, எந்தப் பார்ட்டி செக்கை எத்தனை நாள் தள்ளிக் கொடுப்பார், மெஷின் நின்றால் எந்த மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பன போன்றவை உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால், நீங்கள் போன மறுநாள் பக்கத்து மேசைக்காரர்தான் திண்டாடுவார். அவரை நினைத்து வரும் உறுத்தலுக்கு அந்த நோட்டுதான் பதில். வாடிக்கையாளர் பட்டியலையும் விலை விவரங்களையும் எந்தக் காரணத்துக்காகவும் உங்களோடு எடுத்துப் போகாதீர்கள்.

குறிப்பிட்ட ஆண்டுகள் இருப்பதாக பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தால், அதை உணர்ச்சியோடு குழப்பாமல் சட்ட விஷயமாகப் பாருங்கள். விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. எல்லா பாண்டுகளுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. விலகல் கடிதம் கொடுக்கும் முன் பாண்டை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

குற்ற உணர்ச்சியில் இருப்பவர்கள் செய்யும் இன்னொரு காரியம், தமக்குச் சேர வேண்டியதைக் கேட்காமல் விடுவது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க, ஓர் ஆண்டுக்கு 7,500 ரூபாய்; ஆறு ஆண்டுகளுக்கு 45,000. அட்வான்ஸ் பாக்கி இருந்தால் அதை நீங்களே முதலில் எடுத்துச் சொல்லிக் கணக்குத் தீர்த்து, தீர்ந்தது என்று எழுதி வாங்குங்கள். அதே அமைதியோடு பணிக்கொடையையும் விலகல் சான்றையும் கேளுங்கள். பிஎஃப் பணத்தை எடுக்காமல், அதே யுஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து ஆண்டுக் கணக்கு அப்போதுதான் அறுபடாது.

இனி அந்த இரண்டாம் வகை. உதவி செய்தவருக்கு, அந்த உதவியைப் பெயர் சொல்லிக் கடைசி நாளில் நன்றி சொல்லுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்பதைவிட "புயலில் கூரை போனபோது நீங்கள் ஆள் அனுப்பினீர்களே, அதை எங்கள் வீட்டில் இன்றும் பேசுவோம்" என்பது அவர் மனத்தில் நிற்கும். அதன்பின் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போங்கள்; மழைக்காலத்தில் ஒரு போன் செய்யுங்கள்; உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் ஓராண்டு முகம் கொடுக்காமல் இருந்தாலும் பத்திரிகை போகட்டும்.

பழைய இடத்திலிருந்து சந்தேகம் கேட்டு வரும் அழைப்புகளுக்கு, முதல் ஒரு மாதம் வரை மாலை ஏழு மணிக்கு மேல் பதில் சொல்வதாகக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். சில மாதங்கள் கடந்த பிறகும் தூக்கமும் பசியும் சரியாகவில்லை என்றால், வேலை மாறியது மட்டுமே காரணமாக இருக்காது; அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.