வாய்க்கால் பம்புக்கு ஒரு மொழி, மில் கணக்குக்கு ஒரு மொழி

எந்த நிரல் மொழி நல்லது என்று தொடங்க வேண்டாம். செய்நிரல் எதில் ஓடப்போகிறது, அதில் ரேம் (ஓடும்போது பாவிக்கும் நினைவகம்) எவ்வளவு, எவ்வளவு விரைவாகப் பதில் வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். முக்கால்வாசி முடிவு அங்கேயே வந்துவிடும்.

அக்கரைப்பற்று வயலொன்றில் நீர்மட்டம் பார்த்து பம்பை நிறுத்தும் பெட்டி செய்வதாக வைப்போம். கையில் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை இருந்தால் பிளாஷ் (செய்நிரல் இருக்கும் நினைவகம்) 32 கிலோபைட், ரேம் வெறும் 2 கிலோபைட். சிறு பலகைகளுக்கான பைத்தனான மைக்ரோபைத்தன் அதில் ஏறாது. சி அல்லது சி++ தான். (பாடத்திட்டத்தில் சி உயர்மட்ட மொழி, பரீட்சையில் அப்படியே எழுதுங்கள். நினைவகத்தை நாமே பார்க்க வேண்டியிருப்பதால் வேலையில் அது தாழ்மட்டப் பக்கம்தான் நிற்கும்.)

இங்கே அதிகம் கெடுப்பது ‘இன்ட்’ என்ற முழு எண் வகை. இந்த ஊனோவில் அது 16 பிட், 32,767க்கு மேல் கொள்ளாது. பலகை ஓடத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிசெக்கன் என்று சொல்லும் ‘மில்லிஸ்’ சார்பு தரும் நேரத்தை அதில் போட்டால், 33ஆவது செக்கனுக்குள் எண் மறையாகிவிடும். பம்பை ஒரு நிமிடத்தில் நிறுத்த, 60,000 மில்லிசெக்கன் ஆனதா என்று வைத்த நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது; பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். மறை எண் இல்லாத 32 பிட் வகையான ‘அன்சைன்ட் லாங்’ போடுங்கள். அதுவும் சுமார் 49.7 நாளில் பூச்சியத்துக்குத் திரும்பும் என்பதால், இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தே ஒப்பிடுங்கள். சீரியலில் (கணினிக்குப் போகும் இணைப்பில்) அனுப்பும் வசனங்களும் ரேமைத் தின்னும். அவற்றை ‘F( )’ என்ற எஃப் மாக்ரோவுக்குள் வைத்தால் பிளாஷிலேயே இருக்கும்.

ஈஎஸ்பி32 என்ற பெரிய பலகையை வாங்கினால் ரேம் 520 கிலோபைட். மைக்ரோபைத்தன் தாராளமாக ஓடும். ஒரு சிக்கல்: அது இடையிடையே குப்பை நினைவகத்தைத் துப்புரவாக்க நிற்கும். நீர்மட்டத்தை ஒலியின் எதிரொலியால் அளக்கும் அல்ட்ராசொனிக் சென்சரில், ஒலி போய்த் திரும்ப ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 58 மைக்ரோசெக்கன்தான். எதிரொலியை நீங்களே லூப் போட்டு அளந்தால் மட்டம் தாறுமாறாக வரும். ‘டைம் பல்ஸ் யுஎஸ்’ என்ற ஆயத்தச் சார்பைப் பாவியுங்கள். உள்ளே அது சியில் எழுதப்பட்டது.

சம்மாந்துறை மில்லின் நெல் கொள்முதல் கணக்குக்கு சி எழுதுவது வீண் வேலை. பைத்தனும் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளமும் போதும். உயர்தர ஐசிடியில் பைத்தன் இருப்பதால் பிறகு திருத்த ஊரிலேயே ஆள் கிடைக்கும். காசை மட்டும் தசமப் புள்ளி எண்ணாக (ஃப்ளோட்) வைக்காதீர்கள், 0.1உம் 0.2உம் கூட்டினால் சரியாக 0.3 வராது. சதமாக்கி முழு எண்ணில் சேமியுங்கள். மெதுவாக ஓடினால் மொழியை மாற்ற முன், எந்த இடத்தில் நேரம் போகிறது என்று காட்டும் புரொஃபைலரில் பாருங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கூட்டும் லூப்தான் காரணம். கூட்டலைத் தரவுத்தளத்திடமே விடுங்கள்.

அசெம்பிளி என்ற தாழ்மட்ட மொழி இந்த இரண்டுக்கும் தேவைப்படாது.