குழாய் வட்டமாக இல்லை: என் வாட்டர் கூலிங் அனுபவம்

பாளையங்கோட்டை வீட்டில் என் கம்ப்யூட்டருக்கு ஹார்ட்லைன் வாட்டர் கூலிங் போட்டேன்; அதாவது, கெட்டியான குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டுச் சூட்டைக் குறைக்கும் அமைப்பு. 14 மி.மீ. விட்டமுள்ள பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக் குழாய். பம்பை மட்டும் ஓட்டிச் சோதித்தால், கிராபிக்ஸ் கார்டில் குழாயை மாட்டும் ஃபிட்டிங்கில் மணிக்கு ஒரு துளி. கீழே விரித்த டிஷ்யூ பேப்பரில் காசளவு ஈரம்.

ஃபிட்டிங்கினுள் குழாயைச் சுற்றிக் கவ்வும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றினேன். நிற்கவில்லை. ஃபிட்டிங் மூடியை இறுக்கினேன்; துளி கூடியது. குழாய் முனையை உப்புத்தாளால் தேய்த்துப் பிசிறு எடுத்தேன். அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் இந்தக் கசிவு அதனால் இல்லை. 3 நாள் போயிற்று.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா வந்து, முனையில் விட்டம் அளக்கும் வெர்னியரை வைத்தார். 14.0. குழாயைக் கால் சுற்றுத் திருப்பினால் 13.6.

"வட்டமா இல்லலே, முட்டையால்லா இருக்கு" என்றார். நசுங்கிய பக்கத்தில் ஓ-ரிங் சரியாகக் கவ்வாமல்தான் தண்ணீர் கசிந்திருக்கிறது.

வளைவை ஃபிட்டிங்கிலிருந்து 1 செ.மீ.யிலேயே தொடங்கியிருந்தேன். வளைக்கும்போது நசுங்காமலிருக்க உள்ளே விட்ட சிலிகான் கயிறும் முனைவரை எட்டவில்லை. ஹீட் கன் சூட்டில் முனையும் சேர்ந்து இளகி நசுங்கியிருக்கிறது. பி.இ.டி.ஜி. 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். வெறும் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

புதுக் குழாயில் வளைவுக்கு அப்புறம் 3 செ.மீ. நேராக விட்டு வெட்டினேன். இரண்டு பக்கமும் 14.0. மாட்டி 24 மணி நேரம் ஓட்டினேன். டிஷ்யூ நனையவே இல்லை. அப்பாடா!