பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சியில் சேர்வது எப்படி?

2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் எண், 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண். 2024 அக்டோபரில் இதைக் கண்டுபிடித்தவர் எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுவையும் சேர்ந்தவர் அல்லர். கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் தம் விருப்பத்தால் சேர்ந்த ஒரு தன்னார்வலர். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய இம்முயற்சி அந்த எண்ணையும் சேர்த்து 18 மெர்சென் பகா எண்களை, அதாவது 2-இன் ஓர் அடுக்கில் ஒன்று குறைந்த வடிவிலான பகா எண்களை, கண்டறிந்திருக்கிறது. இதில் சேர எந்தத் தகுதித் தேர்வும் இல்லை. ஆனால் பிழையில்லாமல் ஓடும் ஒரு கணினியும், எடுத்த வேலையை முடித்துக் கொடுக்கும் பொறுமையும் கட்டாயம் வேண்டும்.

இயந்திரம் என்ன செய்யப்போகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. 2-இன் ஏதேனும் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துப் பகா எண் கிடைக்க வேண்டுமானால், அந்த அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான், என்றாலும் 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 2047, 23-ஐயும் 89-ஐயும் பெருக்கினால் வந்துவிடுகிறது. இந்த இரண்டு காரணிகளையும் சற்று உற்றுப் பாருங்கள்: 22-உடன் ஒன்று கூட்டினால் 23, நான்கு 22-களுடன் ஒன்று கூட்டினால் 89. இத்தகைய எண்களின் காரணி எதுவாயினும், அடுக்கின் இருமடங்கினுடைய ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். அதனால் சிறிய காரணிகளைத் தேடி, தேறாத எண்களை முன்கூட்டியே ஒதுக்கிவிட முடிகிறது. இப்படிச் சலித்தெடுக்கும் வேலைக்குக் கிராபிக்ஸ் கார்டுகள் மிகவும் பொருத்தமானவை.

சலித்த பிறகும் தங்கும் எண்களுக்குத்தான் முழுச் சோதனை தேவைப்படுகிறது. அத்தகைய முழுச் சோதனைகளில் ஒன்றான லூக்கா–லெமர் சோதனையை ஒரு தாளில் நீங்களே செய்து பார்க்கலாம். 2-இன் 7-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 127-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கம் கண்டு, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 14 வரும். அடுத்து 194 வந்து, மீதி 67 ஆகும். பிறகு 42, அதன்பின் 111. ஐந்தாம் முறை 111-இன் வர்க்கத்தில் 2-ஐக் கழித்தால் 12,319; அது 127-இன் 97 மடங்கு என்பதால் மீதி சுழியம். அடுக்கில் 2 குறைத்த எண்ணிக்கையில், அதாவது ஐந்தாவது படியில், சுழியம் வந்ததால் 127 பகா எண் என்பது உறுதியாகிறது.

இதே வேலையை 13 கோடிக்கும் மேற்பட்ட பிட்கள் கொண்ட ஓர் எண்ணுக்கு, 13 கோடிக்கும் மேற்பட்ட முறை செய்வதாக எண்ணிப் பாருங்கள். இடையில் ஒரே ஒரு பிட் பிறழ்ந்தாலும் அதன் பின் வரும் அனைத்தும் வீண். ஆகவே வேகமான கணினியைவிடப் பிசகாத கணினியே இங்கு மதிப்புடையது என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ், மேக் கணினிகளுக்கான பிரைம்95 மென்பொருளையும், லினக்ஸுக்கான எம்பிரைம் வடிவத்தையும் கிம்ப்ஸ் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நிறுவியவுடன் தேடலைத் தொடங்கிவிடாதீர்கள். அதிலேயே உள்ள கடுஞ்சோதனையை ஓர் இரவு முழுதும், முடிந்தால் ஒரு நாள் முழுதும் ஓடவிடுங்கள். விடை தெரிந்த கணக்குகளைக் கணினியின் செயலிக்கும் (பிராசசர்) நினைவகத்துக்கும் கொடுத்து ஒப்பிடும் சோதனை அது. 2016-இல் இன்டெல் நிறுவனத்தின் ஸ்கைலேக் செயலிகளில் இருந்த ஒரு பிழையைப் பிரைம்95 ஓட்டிய ஆர்வலர்களே வெளிக்கொணர்ந்தார்கள் என்றால், இதன் கடுமையை நீங்கள் ஊகிக்கலாம். ஒரு பிழை தென்பட்டாலும், செயலியின் வேகத்தை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, விசிறியில் படிந்த தூசியை அகற்றி, மீண்டும் சோதியுங்கள். மடிக்கணினியில் இதை நாள் முழுதும் ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. இடைவிடாத வெப்பத்தை நெடுநாள் தாங்கும் அமைப்பு அவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை.

சோதனையில் தேறிய பிறகு ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி, அதன் பெயரை மென்பொருளில் பதியுங்கள். அதன்பின் கிம்ப்ஸின் வேலைகளைப் பகிர்ந்தளிக்கும் பிரைம்நெட் சர்வர் உங்களுக்கென ஓர் அடுக்கை ஒதுக்கும். அதே எண்ணில் இருவர் தெரியாமல் உழைப்பதைத் தடுப்பதே அந்த ஒதுக்கீட்டின் நோக்கம். முதல் வேலையாக மறுசரிபார்ப்பைக் கேட்டு வாங்குங்கள். வேறொருவர் முன்பே சோதித்த எண்ணை உங்கள் கணினி மீண்டும் சோதிக்கும். இரண்டின் இறுதி மீதிகளும் ஒத்துவந்தால் அவருடைய முடிவும் உறுதியாகும், உங்கள் இயந்திரத்தின் நம்பகமும் புலப்படும். பலர் இதைப் பெருமையில்லாத வேலை என்று தவிர்க்கிறார்கள். ஆனால் பழைய சோதனை ஒன்று பிழையாக முடிந்திருந்தால், தவறிப்போன பகா எண் ஒன்று அங்கே ஒளிந்திருக்கவும் கூடும்.

யாரும் சோதிக்காத எண்ணின் முதல்முறைச் சோதனைக்கு இப்போது லூக்கா–லெமருக்குப் பதிலாக, ஓர் எண் பகா எண்ணாக இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கும் பி.ஆர்.பி. (probable prime) என்னும் முறையே வழக்கம். கணக்கு ஓடும்போதே அது தன்னைத் தானே சரிபார்த்து, பிழை கண்டால் கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிச் செல்லும். முடிவில் ஒரு சான்றுக் கோப்பும் உருவாகும். மற்றொருவரின் கணினி அதைக் கொண்டு, முழுச் சோதனையின் உழைப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகச் செலவிட்டு, உங்கள் விடையை உறுதிசெய்துவிடும். இதற்கு வட்டில் இடம் ஒதுக்க மறந்துவிடாதீர்கள். 13 கோடியை ஒட்டிய அடுக்கானால், சான்றுக்காக இடையிடையே சேமிக்கும் மீதி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 மெகாபைட் இருக்கும். அவற்றில் 256-ஐச் சேமிக்கும்படி அமைத்தால் 4 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் தேவைப்படும். இறுதிச் சான்றுக் கோப்பு அதைவிட மிகச் சிறியது. அது பதிவேறி முடியும்வரை கோப்புறையை அழிக்காதீர்கள்.

செயலியின் கருக்கள் (கோர்) ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணைக் கொடுப்பதைவிட, அனைத்தையும் ஒரே எண்ணில் ஈடுபடுத்துவது பெரும்பாலும் நல்ல பலனைத் தரும். நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும் வேகமே பல கணினிகளில் தடையாக இருப்பது அதற்குக் காரணம். கணினியை நிறுத்த நேர்ந்தால் அஞ்ச வேண்டாம். மென்பொருள் அவ்வப்போது சேமித்த இடத்திலிருந்து வேலை தொடரும். ஆனால் வேலையைத் தொடர இயலாது என்று தெரிந்தால், ஒதுக்கீட்டைச் சர்வருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகுங்கள். சொல்லாமல் போனால், காலக்கெடு முடியும்வரை அந்த எண் யாருக்கும் பயன்படாமல் முடங்கிக் கிடக்கும்.

உங்கள் கணினி பகா எண் ஒன்றைக் கண்டதாக அறிவித்தால், உடனே வெளியில் சொல்லிவிடாமல், வேறு மென்பொருள்களாலும் வேறு வன்பொருள்களாலும் அது உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்பது கிம்ப்ஸ் விதி. உறுதியானால் 3,000 டாலர் பரிசுக்கு வாய்ப்பு உண்டு. பத்துக் கோடி இலக்கங்களைத் தொடும் முதல் பகா எண்ணுக்கு எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 1,50,000 டாலர் அறிவித்திருக்கிறது. செய்தி வருகிறதா என்று நீங்களும் கவனித்திருங்கள். 2-இன் 7,42,07,281-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்ணை ஒரு கணினி 2015 செப்டம்பர் 17 அன்றே சர்வருக்கு அறிவித்துவிட்டது. தானாகச் செல்ல வேண்டிய மின்னஞ்சல் போய்ச் சேராததால், ஒரு மனிதக் கண்ணில் படும்வரை மாதக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. ஆகவே அதன் கண்டுபிடிப்பு நாள் என்று இன்று பதிவாகியிருப்பது 2016 ஜனவரி 7.